மாங்கா சீசன் முடிஞ்சதும் இத்தாலி போலாமா?

கேள்வி: சார், எங்களுக்கு மாந்தோப்பு. ஜெர்மனில வேலை பாக்குற பையன் இத்தாலிக்கு வாங்கன்னு கூப்பிடுறான். ரோம், வெனிஸ் கூட்டத்துல நசுங்க இஷ்டமில்ல, காடு கழனி பாக்கணும். வீட்டுல அவங்க சுத்த சைவம். எப்போ போறது, எங்க போறது?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நடு இத்தாலில இருக்குற டஸ்கனி பக்கம் போங்க, அதுலயும் சியனா ஊருக்குத் தெக்கால இருக்குற வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு. காலண்டர்ல பாப்பமே, மேடு மேடா கோதுமைக் காடு, மண்ரோட்டோரம் சைப்ரஸ் மரம், அதேதான், 2004ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. பச்சையா பாக்கணும்னா ஏப்ரல், மே. ஆனா அப்போ தோப்பை விட்டு நீங்க எங்க வரப்போறீங்க! மாங்கா முடிஞ்ச சூட்டோட ஆகஸ்ட்ல மட்டும் கிளம்பிடாதீங்க, அறுவடை முடிஞ்சு காடெல்லாம் காஞ்சு கிடக்கும், அதுக்கு பர்கூர் போதும். செப்டம்பர் கடைசில போனா திராட்சை அறுப்பு, அக்டோபர் கடைசின்னா ஆலிவ் பறிப்பு, செக்குல இருந்து வர்ற புது எண்ணெயை ரொட்டில ஊத்தித் தருவாங்க, பச்சைக் கலர்ல இருக்கும், தொண்டைல சுருக்குன்னு ஏறும். ரொட்டில உப்பு இருக்காது, திட்டாதீங்க, அங்க அப்படித்தான்.

ஓட்டல் வேண்டாம், அக்ரிதுரிஸ்மோல தங்குங்க. விவசாயியே தன் பண்ணைல ரூம் விட்டு சாப்பாடும் போடுறது, 1985லயே இதுக்கு தனிச்சட்டம் போட்டுட்டாங்க. வீட்டுல அவங்களுக்கு ரிபொல்லித்தா கேளுங்க, பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் போட்டு மறுபடி கொதிக்க வச்ச சூப்பு, பேருக்கே 'மறுபடி கொதிச்சது'ன்னுதான் அர்த்தம். பார்மிஜானோ சீஸ் வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, பாலைத் திரிக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்ததைத்தான் சேர்ப்பாங்க.

ஒரே ஒரு ஓவியம் பாக்கணும்னா சியனா நகரசபை மாளிகைக்குள்ள போங்க. நல்லாட்சி நடந்தா ஊரும் காடும் எப்படி இருக்கும்னு அம்ப்ரோஜோ லோரன்செட்டி 1338-39ல சுவர் முழுக்க வரைஞ்சு வச்சிருக்கார். கோட்டை வாசலுக்கு வெளிய ஒருத்தன் கதிர் அறுக்குறான், இன்னொருத்தன் கதிர் அடிக்கிறான், நடுவுல வெள்ளைப் பட்டை போட்ட கருப்புப் பன்னியை ஒருத்தன் ஊருக்குள்ள ஓட்டிட்டு வரான். எதிர்ச்சுவர்ல கெட்ட ஆட்சி. அது பாதி உதிர்ந்துபோச்சு, அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

கேள்வி: நம்ம லைசென்ஸ் வச்சு அங்க கார் ஓட்டலாமா?
- வாசகர், ஒசூர்

பதில்: ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி, அதையும் கூடவே வச்சுக்கிட்டா ஓட்டலாம். பழைய ஊருக்குள்ள 'இசட்டிஎல்' (ZTL, அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாத பகுதி) போர்டு பாத்தா வெளியவே நிறுத்திட்டு நடங்க, உள்ள போனா கேமரா புடிச்சுடும், ஊருக்குத் திரும்பி பல மாசம் கழிச்சு ஃபைன் வீடு தேடி வரும்.

கேள்வி: இத்தாலிலயும் களி சாப்பிடுறாங்களாமே, நெசமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: நெசந்தாம்மா! பொலென்டான்னு பேரு, வடக்குப் பக்கம் லொம்பார்டி, வெனெட்டோல இருக்கு. நமக்கு ராகி, அவங்களுக்கு மக்காச்சோள மாவு. செம்புப் பாத்திரத்துல தண்ணி கொதிச்சதும் மாவைத் தூவி, நீளமான கட்டையால முக்கால் மணி நேரம் விடாம கிண்டுவாங்க, நம்ம துடுப்பு மாதிரியேதான். உருண்டை புடிக்க மாட்டாங்க, மரப்பலகைல கொட்டி, கொஞ்சம் இறுகினதும் நூலால அறுத்துத் தட்டுல வைப்பாங்க. மக்காச்சோளம் அமெரிக்கால இருந்து வர்றதுக்கு முன்னாடி தினை மாதிரி சிறுதானியத்துல கிண்டிக்கிட்டு இருந்தவங்கதான். இதுக்காக வடக்கத்திக்காரங்களை தெக்கத்திக்காரங்க 'பொலென்தோனி'ன்னு கிண்டல் பண்ணுவாங்க, களிதின்னின்னு வச்சுக்குங்களேன்.