காக்கைச் சோறும் கச்சான் கூடும்: குளிர்காலக் கேள்விகள்

சென்ற இதழின் அடியில், இங்கிலாந்துக் குளிர்காலத்துப் பறவைகளைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் எழுதுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். தக்காளிக் கன்றையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் தவிர வேறெதையும் கேட்காத நம் வாசகர்கள் இதற்கு எழுதமாட்டார்கள் என்று நினைத்தது என் பிழை. வந்தவற்றில் எட்டுக் கடிதங்களுக்கு இந்த முறை பதில். கறிவேப்பிலைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். தொட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், தண்ணீரைக் குறையுங்கள், மிச்சத்தை மாசியில் பார்ப்போம்.

அண்ணை, பறவைகளுக்கென்று கடையில் விற்கும் கொழுப்புருண்டையின் உறையை வாசித்தேன். மாட்டுக் கொழுப்பு என்று போட்டிருக்கிறது. நாங்கள் சைவம். வீட்டுக்குள் கொண்டுவரவே மனம் வரவில்லை. அது இல்லாமல் குருவிகளுக்கு உதவ முடியாதா? (வாசகி, ஈஸ்ட்ஹாம்)

தாராளமாக முடியும் தங்கச்சி. டிசம்பர் நடுவில் லண்டனின் பகல் எட்டு மணித்தியாலம்கூட இல்லை. தோட்டத்துக்கு வரும் நீலத் தொப்பிக்காரரை இங்கே புளூ டிட் என்பார்கள். நான் நீலப் பட்டாணிக்குருவி என்று கூப்பிடுவேன். எடை 11 கிராம். ஒரு பென்ஸ் நாணயம் மூன்றைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் முழு உடம்பும். எட்டு மணித்தியாலம் தின்றதைக் கொண்டு அது பதினாறு மணித்தியால இருட்டைக் கடக்க வேண்டும். பகலில் சேர்த்த கொழுப்பு விடியுமுன் எரிந்து தீர்ந்துவிடும். அதற்கு வேண்டியது எண்ணெய்ச் சத்து. அது மாட்டிலிருந்து வந்ததா, செடியிலிருந்து வந்ததா என்று பட்டாணிக்குருவி விசாரிப்பதில்லை.

கோது நீக்கிய சூரியகாந்தி விதை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் கீழே கோது சேராது, முளைக்காது. உப்பில்லாத கச்சானை (நிலக்கடலை) கம்பி வலைக் கூட்டில் போட்டுத் தொங்கவிடுங்கள். கோல்ட்பிஞ்ச் என்ற சிவப்பு முகக் குருவி வர வேண்டுமென்றால் கடையில் நைஜர் விதை என்று கேளுங்கள். வேறொன்றுமில்லை, இந்தியாவிலும் எதியோப்பியாவிலும் எண்ணெய்க்காக விளைவிக்கும் பேயெள்ளுதான். அதற்கு மிகச் சிறிய துளையுள்ள தனிக் குழாய் வேண்டும்.

இன்னொன்று உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வரும் அர்ச்சனைத் தேங்காய் முழுவதும் சம்பலாகிவிடுவதில்லை. ஒரு பாதியை எடுத்து, உள்ளே ஒட்டிய இளநீரைக் கழுவிவிட்டு, சிரட்டையில் துளையிட்டு, வாய் கீழே பார்க்கும்படி கயிற்றில் கட்டுங்கள். பட்டாணிக்குருவி தலைகீழாகத் தொங்கிக் கொத்துவதைப் பார்க்கத் தேநீர் ஆறிப்போகும். ஆனால் சிரட்டையோடு இருக்கும் பச்சைத் தேங்காய் மட்டும்தான். பொதியில் வரும் உலர்ந்த தேங்காய்ப்பூ வயிற்றுக்குள் ஊதிவிடும், போடவே கூடாது.

அம்மா மதியம் சாப்பிடுமுன் புல்தரையில் காக்கைக்குச் சோறு வைப்பார். நெய், பருப்பு, கறி எல்லாம் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்மணி எலி வருகிறது என்று குறை சொல்கிறார். அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? (வாசகர், ஹாரோ)

பக்கத்து வீட்டுக்காரி சொல்வது நியாயம், தம்பி. அம்மா செய்வதும் நியாயம். அதனால் நிறுத்தச் சொல்லாதீர்கள், அளவைப் பேசுங்கள். கறியும் நெய்யும் படாத, உப்புப் போடாத வெறும் சோறு ஒரு கைப்பிடி. புல்லில் அல்ல, ஒரு தட்டில். அரை மணித்தியாலம் கழித்து மிஞ்சியதோடு தட்டை எடுத்துக் கழுவி வையுங்கள். எலி வருவது இருட்டில். இருட்டுமுன் தரை வெறுமையாக இருந்தால் அதற்கு உங்கள் வீட்டில் வேலையில்லை.

சோறு கெடுதல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உப்பில்லாத சோற்றைக் கடுங்குளிரில் பிளக்பேர்டும் ஸ்டார்லிங்கும் விரும்பித் தின்னும். அரிசி தின்ற பறவையின் வயிறு வெடிக்கும் என்பது இந்த நாட்டுக் கல்யாண வீட்டுக் கதை. ஆனால் மூன்று நாள் குளிர்பெட்டியில் இருந்து புளித்த சோற்றைப் பறவைக்குத் தள்ளிவிடாதீர்கள். நாம் தின்னாததை அதற்குக் கொடுப்பது படையல் ஆகாது.

அம்மாவுக்கு ஒரு செய்தி: இங்கே வருவது நம் ஊர்க் காக்கை இல்லை. அதற்குக் கழுத்தில் சாம்பல் நிறம் இருக்கும், இது முழுக் கறுப்பு. கா கா என்று கூப்பிட்டால் மதிலில் வந்து நிற்காது. சந்தேகப் பிராணி. கதவைச் சாத்தி, திரைச்சீலைக்குப் பின்னால் நின்றால் இறங்கும். அம்மா மனம் நோக வேண்டாம்.

இதே தபாலில், மிஞ்சிய மிக்சர் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மிக்சர், முறுக்கு, பகோடா, நேற்றைய தோசை எல்லாவற்றிலும் உப்பு. குருவியின் சிறு உடம்பு அவ்வளவு உப்பைத் தாங்காது. பாலும் செமிக்காது. கிறிஸ்மஸ் தட்டில் மிஞ்சும் வான்கோழிக் கொழுப்பு இறுகாமல் சிறகில் பூசிக்கொள்ளும், பூசிய சிறகு குளிரைத் தடுக்காது.

எங்கள் தீனி மேசைக்கு வந்த ஒரு பச்சை நிறக் குருவி சிறகை உப்பிக்கொண்டு, கொத்திய விதையை விழுங்க முடியாமல் அலகோரம் வழியவிட்டபடி உட்கார்ந்திருந்தது. மறுநாள் செத்துக் கிடந்தது. குளிரா? இன்னும் கூடுதலாகத் தீனி வைத்திருக்க வேண்டுமா? (வாசகி, லெஸ்டர்)

இல்லை அம்மா. குறைவாக வைத்திருக்க வேண்டும். நான் சொல்வது கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இதே காரியத்தை உங்களைவிட மோசமாகச் செய்தவன் நான்.

2007ஆம் ஆண்டு, நாங்கள் தென் லண்டனில் மிச்சம் (Mitcham) என்ற ஊரில் வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. காலையில் வந்ததும் முதல் வேலை, ஒரு பெரிய மரத் தட்டில் விதையைக் குவித்து வைப்பது. கிரீன்பிஞ்ச் என்ற அந்தப் பச்சைக் குருவி பதினைந்து, இருபது என்று வரும். என் மனைவி அதைத் தண்ணீர்ப் பந்தல் என்று கேலி செய்வாள், எனக்குப் பெருமையாக இருக்கும். பழைய விதையின் மேலேயே புது விதை. மழையில் நனைந்தால் அதன் மேலும் விதை. தட்டைக் கழுவியதே இல்லை. அந்த இலையுதிர்காலத்தில் ஒன்று உங்கள் குருவியைப் போலவே உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. குளிருகிறது என்று நினைத்து இன்னும் ஒரு பிடி போட்டேன். பத்து நாளில் ஏழு குருவிகளை வேலியோரம் புதைத்தேன். எட்டாவது நாள்தான், எங்கள் நிலையத்துக்கு வந்த ஒரு கிழவர், காருக்கு எண்ணெய் நிரப்பிக்கொண்டே, தட்டைக் கழுவினாயா என்று கேட்டார்.

நோயின் பெயர் டிரைக்கோமோனோசிஸ். பழைய காலம் தொட்டுப் புறாக்களிடம் இருந்த ஒட்டுண்ணி. 2005இல் இங்கே கிரீன்பிஞ்ச் போன்ற, விதை தின்னும் பிஞ்ச் இனங்களில் தென்பட்டது, அடுத்த ஆண்டிலிருந்து பரவலாகக் கொன்றது. தொண்டையில் புண் வரும், விழுங்க முடியாது, எச்சில் பட்ட விதை தட்டில் விழும், அதை அடுத்தது கொத்தும். நூறு தோட்டங்களுக்குப் பிரிந்து போக வேண்டிய குருவிகளை ஒரே தட்டில் பந்தி இருத்தியது நாம்தான். தோட்டத்துக்குத் தோட்டம் இருந்த கிரீன்பிஞ்ச் 2021 டிசம்பரில் இந்த நாட்டில் ஆபத்தில் இருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போனது. 2025 தொடக்கத்தில், பறவைகளுக்கான பெரிய சங்கமான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீனி மேசை விற்பதையே நிறுத்திவைத்தது.

நீங்கள் இன்றைக்கே தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர்ச் சட்டியையும் கவிழ்த்துவிடுங்கள். குறைந்தது இரண்டு வாரம், நோயுற்ற பறவை இன்னும் தென்பட்டால் அதற்கு மேலும். பறவைகள் வேறிடம் போய்ப் பிழைக்கும், அதுதான் வேண்டும். கையுறை போட்டுச் செத்ததை எடுங்கள். இது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பறவை எச்சத்தில் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும். கார்டன் வைல்ட்லைஃப் ஹெல்த் என்ற திட்டத்தார் இத்தகைய சாவுகளைப் பதிகிறார்கள், அவர்களுக்கு அறிவியுங்கள். மறுபடி தொடங்கும்போது தட்டை விட்டுவிட்டுக் குழாய் வடிவக் கூடு வாங்குங்கள். மாலைக்குள் தீர்ந்துபோகும் அளவு மட்டும் போடுங்கள். வாரம் ஒருமுறை கிருமிநாசினித் தண்ணீரில் கழுவி, அலசி, நன்றாகக் காயவையுங்கள். காய்வது முக்கியம், அந்த ஒட்டுண்ணி ஈரத்தில்தான் வாழும். கழுவ நேரமில்லாத வாரத்தில் தீனியும் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் தூரிகையைப் பொதுவாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன், எழுதியும் விட்டேன்.

எங்கள் தோட்டத்துக்கு நம் ஊர்ப் பச்சைக்கிளிகள் கூட்டமாக வருகின்றன. வெயிலில் வளர்ந்த இனம், இந்தக் குளிரில் பாவம் அல்லவா? கொய்யாப்பழம் வைக்கலாமா? (வாசகி, கிங்ஸ்டன்)

கொய்யாவை நீங்கள் சாப்பிடுங்கள். இங்கே கொய்யா விற்கும் விலைக்கு அதைக் கிளிக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. இந்த இனம் இமயமலை அடிவாரத்துக் குளிரைப் பார்த்தது. 1970களிலேயே லண்டனைச் சுற்றிக் கூடு கட்டிக் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டது. நம்மில் பலருக்கு முன்பே இங்கு வந்த கிளி அது. கவலைப்பட வேண்டியது அதன் பக்கத்தில் நிற்கப் பயப்படும் சிறு குருவிகளைப் பற்றி. கிளி இருக்கும் இடத்தில் அவை குறைவாகவே தின்னுகின்றன என்று லண்டன் தோட்டங்களில் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. வெளியே கம்பிக் கூடு போட்ட தீனிக் குழாய் விற்கிறார்கள். பட்டாணிக்குருவி நுழையும், கிளி நுழையாது. ஊர்ப் பாசத்தைக் காதால் அனுபவியுங்கள். அந்தக் கீச்சொலி போதுமே.

தண்ணீர்ச் சட்டி உறைந்துவிடுகிறது. உப்புப் போட்டால் உறையாதாமே? (வாசகர், மில்டன் கீன்ஸ்)

வேண்டவே வேண்டாம். காருக்கு ஊற்றும் உறைதடுப்பானும் வேண்டாம், அது நஞ்சு. சிறிய பந்து ஒன்றை மிதக்க விடுங்கள், இலேசான பனியில் அது ஆடியாடி ஓர் இடத்தைத் திறந்து வைத்திருக்கும். கட்டியாக உறைந்தால் காலையில் வெந்நீர் ஊற்றி உருக்குங்கள். குடிக்க மட்டுமல்ல, குளிக்கவும் வரும். அழுக்குச் சிறகு சூடு காக்காது.

கூட்டுப்பெட்டியை வசந்தத்தில்தானே மாட்ட வேண்டும்? இப்போது மாட்டினால் வீண்தானே? (வாசகர், கொவன்றி)

இப்போதே மாட்டுங்கள். இரவில் ஒதுங்கப் பயன்படும். ரென் என்ற குட்டைவால் குருவி, பத்துக் கிராம்கூட இராது, தனியாகத் திரியும் சண்டைக்காரன். கடுங்குளிர் இரவில் மட்டும் சண்டையை மறந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். 1969இல் நோர்போக்கில் ஒரே பெட்டிக்குள் 61 ரென்களை எண்ணியிருக்கிறார்கள். 1962–63 கடுங்குளிர்காலத்தில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்த கதையை இங்குள்ள முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பெட்டி வடக்கிற்கும் கிழக்கிற்கும் இடையே பார்க்கட்டும். துளை நீலப் பட்டாணிக்குருவிக்கு 25 மில்லிமீற்றர், ஊர்க்குருவிக்கு 32. ஐவிக் கொடி மதிலில் ஏறியிருந்தால் குளிர்காலம் முழுவதும் வெட்டாதீர்கள். மற்றப் பழங்கள் தீர்ந்த பிறகுதான் அதன் பழம் முற்றும், அதன் இலைக்குள்ளேயே பாதிக் குருவிகள் தூங்கும். பெட்டியைவிட அதுதான் பெரிய வீடு.

நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. மூன்று மணிக்கு, எல்லாம் உறைந்து கிடக்கும்போது, கூரைக்கு வெளியே ஒரு பறவை பாடுகிறது. குளிரில் அழுகிறதா? எனக்குத் தோட்டமில்லை, அறைதான். ஏதாவது செய்யலாமா? (பெயரும் ஊரும் வேண்டாம்)

அது ரொபின் என்ற சிவப்பு நெஞ்சுக் குருவி, தம்பி. பத்தொன்பது வருடம் அதைக் கேட்டவன் சொல்கிறேன். அழவில்லை. உங்கள் நிலையத்தின் விளக்கு வெளிச்சம் அதன் இரவைப் பகலாக்கிவிட்டது. பகலில் வாகன இரைச்சல் அதிகமுள்ள இடங்களில் இரவில் பாடுவது கூடுதல் என்று ஷெபீல்டில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். குளிர்காலத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியே எல்லை பிடித்துக்கொண்டு பாடும். இது என் இடம், தள்ளிப் போ என்பதுதான் பாட்டின் பொருள்.

விளக்கை நீங்கள் அணைக்க முடியாது. ஷிப்ட் முடிந்து, வெளிச்சம் வரும் நேரத்தில் ஒன்று செய்யலாம். பறவைத் தீனியாக உலர்ந்த மாப்புழு (மீல்வேர்ம்) சிறு பொதியாக விற்கிறார்கள். ஒரு தேக்கரண்டியைத் தேநீர்க் கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள். காருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், வேலியோரக் கல்லின் மேல் வையுங்கள். முதல் வாரம் வராது. இரண்டாம் வாரம் நீங்கள் கோப்பையோடு கதவைத் திறக்குமுன் அங்கே வந்து நிற்கும். முகாமையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோப்பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.