கேள்வி - பதில்: பழைய பாணி ரேஸ் போட்டு (படகு)

கேள்வி: கப்பல் வேலையில் இருந்த காலத்தில் வெளிநாட்டில் சின்ன அவுட்போர்டு (பின்பலகையில் எஞ்சின் மாட்டும்) ரேஸ் போட்டு ஓட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஆசை திரும்ப வந்திருக்கிறது. யமஹா 15 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் கைவசம் உண்டு. 1950-களின் பாணியில் ஹைட்ரோபிளேன் கட்டலாமா? பலகை ஒட்டவும் பூசவும் ஃபைபர் போட்டு ரெசினே போதும் என்கிறார்களே?
- வாசகர், காசிமேடு

பதில்: முதலில் ரன்அபவுட் (அடிப்பலகை தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் சாதாரண ரேஸ் போட்டு) கட்டுங்கள், ஹைட்ரோபிளேன் அப்புறம் பார்க்கலாம். ஹைட்ரோபிளேன் வேகமெடுத்ததும் முன்பக்கத்து இரண்டு ஸ்பான்சன் (பக்கவாட்டுப் புடைப்பு), பின்னால் ப்ரொப்பல்லர் என மூன்றே இடத்தில்தான் தண்ணீரைத் தொடும். மற்றபடி காற்றுதான் தாங்குகிறது. தண்ணீர் அசையாமல் கிடந்தால் அதற்கு ஈடே இல்லை. எண்ணூர்ப் பக்கம் மதியக் கடற்காற்று எழுந்துவிட்டால் அதே காற்று அணியத்தை (முன்பக்கத்தை) தூக்கி மல்லாத்திவிடும். விட்டுப்போன கை பழகும்வரை அது வேண்டாம்.

உங்கள் எஞ்சின் 246 சிசி, அதாவது ஏறக்குறைய 15 கன அங்குலம். எஞ்சின் கொள்ளளவை வைத்துப் பிரித்த அந்தக் காலத்து அமெரிக்க ரேஸ் கணக்கில் இது ஏ வகுப்பு. 11 அடி நீளம், நாலரை அடி அகலம் போதும். அடிப்பலகைக்கும் பக்கத்துக்கும் 6 மி.மீ., மேல்தளத்துக்கு 4 மி.மீ. ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். பலகை மட்டும் 35-40 கிலோ வரும். சட்டம், பின்பலகை, பசை எல்லாம் சேர்த்து 65 கிலோவைத் தாண்டவிடாதீர்கள். மீன்பிடி போட்டு கட்டிப் பழகிய கை எதையும் இரட்டிப்பாகத்தான் போடும். இங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் வேகத்தில் கழியும். பின்பலகையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 12 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி, எஞ்சின் கவ்வுமிடத்தில் மூன்றாவதாக ஒன்று வையுங்கள். பலகை 8 அடிதான் என்பதால் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சாய்வின் நீளம் கனத்தைப் போல் எட்டு மடங்கு, 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ.

பலகை அறுக்குமுன் எஞ்சினின் ஷாஃப்டை (தண்ணீருக்குள் இறங்கும் காலை) அளந்து பாருங்கள். நம் மீன்பிடி எஞ்சின்களில் 20 அங்குல லாங் ஷாஃப்ட் நிறைய. ரேஸ் போட்டுக்கு 15 அங்குலம் வேண்டும். பின்பலகையை உயர்த்திச் சமாளித்தால் எடை மேலேறி, திருப்பத்தில் போட்டு சாயும்.

ஃபைபர் போட்டு ரெசின் பாலியஸ்டர். அது மரத்தில் வெகுநாள் பிடிக்காது. ஈரம் புகுந்ததும் பத்தை பத்தையாக உரியும். எபாக்ஸிதான் (ரெசினும் ஹார்டனரும் கலக்கும் பசை) சரி. கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். சித்திரை வெயிலில் 150 கிராமுக்கு மேல் ஒரே தடவை கலந்தால் டப்பாவிலேயே கொதித்து இறுகிவிடும். கலந்ததும் அகலமான தட்டில் பரப்புங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் காய்ந்த எபாக்ஸி மேல் மெழுகு போல ஒரு படலம் படியும். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சு பூசினால் ஒட்டாது. ஸ்குரூ 316 எஸ்எஸ். பித்தளை உப்புத்தண்ணீரில் துத்தநாகத்தை இழந்து, முறுக்கும்போதே உடையும்.

கேள்வி: கட்டி முடித்த ரன்அபவுட் பாதி வேகத்தில் நன்றாகப் போகிறது. முழுதாக முறுக்கினால் அணியம் ஏறி ஏறி விழுகிறது. எஞ்சின் கோளாறா?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: எஞ்சினைப் பிரிக்க வேண்டாம், அடிப்பலகையைப் பாருங்கள். போட்டைக் கவிழ்த்து, 5 அடி அலுமினிய பாக்ஸ் பைப்பை அமரத்திலிருந்து (பின்பக்கத்திலிருந்து) முன்னோக்கி நெடுக்காக வையுங்கள். நடுவில் ஒரு தடவை, இரு ஓரத்திலும் ஒவ்வொரு தடவை. பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். பைப் ஊஞ்சலாடினால் அடி வெளியே வளைந்திருக்கிறது, குதிப்பதற்கு அதுதான் காரணம். பைப்பின் நடுவில் வெளிச்சம் கசிந்தால் உள்ளே குழிந்திருக்கிறது. அது அணியத்தை அமுக்கி வேகத்தைத் தின்னும். ஒரு மி.மீ. பிசகே ஓட்டத்தில் தெரியும்.

பெரும்பாலும் இது தேய்ப்பில் வரும் கோளாறு. மெஷின் சாண்டர் விளிம்புக்கு வந்ததும் முன்னால் சாய்ந்து, கடைசி இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடும். போட்டை நடுவில் ஒரே கட்டை மேல் மாதக்கணக்கில் வைத்தாலும் வளையும். பள்ளத்தில் சிலிக்கா பொடி கலந்த கெட்டி எபாக்ஸியை நிரப்பி, மூன்றடிப் பலகையில் 80 நம்பர் தாள் ஒட்டிக் கையாலேயே தேயுங்கள். பின்பலகையும் அடியும் சேரும் விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும். அழகுக்காக உருட்டினால் தண்ணீர் விளிம்பைச் சுற்றி மேலேறி அமரத்தைக் கீழே இழுக்கும்.

அடி நேரானதும் எஞ்சினுக்கு வாருங்கள். எஞ்சின் சாய்வை நிறுத்தும் பின்னை, பின்பலகைப் பக்கமாக ஒரு துளை உள்ளே போடுங்கள். ப்ரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு அடிப்பலகைக்குச் சமமாக இருக்கட்டும். அங்கிருந்து 6 மி.மீ. 6 மி.மீ. ஆக எஞ்சினை உயர்த்தி ஓட்டுங்கள். திருப்பத்தில் எஞ்சின் வெறுமனே அலறினாலோ கூலிங் தண்ணீர் குறைந்தாலோ ஒரு படி இறக்குங்கள்.

கேள்வி: 1950-களின் ஜான்சன் 10 ஹெச்பி கிடைத்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகி, சில நிமிடத்தில் அணைகிறது. டாங்க் பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடுகிறது.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நல்ல எஞ்சின், விட்டுவிடாதீர்கள். இதில் பெட்ரோல் பம்ப் கிடையாது. கிராங்க்கேஸ் (எஞ்சின் அடிக்கூடு) காற்று ஒரு டியூபில் டாங்குக்குப் போய் அழுத்த, மற்ற டியூபில் பெட்ரோல் ஏறும். டாங்க் மூடி காஸ்கெட்டோ டியூபோ கசிந்தால் அழுத்தம் நிற்காது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். எழுபது வருஷ ரப்பரில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோலை நம்புவதைவிட, கிராங்க்கேஸ் துடிப்பில் ஓடும் சின்னப் பம்ப் பொருத்தி ஒற்றை டியூப் டாங்குக்கு மாறுவது உத்தமம்.

கார்புரேட்டரையும் திறந்து பாருங்கள். பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் (மிதவை) வார்னிஷ் பூசிய தக்கை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் வார்னிஷ் கரைந்து, தக்கை ஊறி மூழ்கும். கரைந்த பிசின் ஜெட்டை (பெட்ரோல் போகும் நுண்துளையை) அடைக்கும். ஃப்ளோட்டை மாற்றுங்கள், ஓட்டி முடித்ததும் கார்புரேட்டரைக் காலி செய்யுங்கள். ஃப்ளைவீலுக்கு (சுழல் சக்கரத்துக்கு) அடியிலுள்ள இரண்டு தீப்பொறிக் காயில்களில் எது வெடித்திருந்தாலும் புதிது போடுங்கள். பாயிண்ட் (தீப்பொறிக்குத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.5 மி.மீ. பெட்ரோல் 24-க்கு ஆயில் 1, ஐந்து லிட்டருக்கு 210 மில்லி. இன்றைய 50-க்கு 1 கலவை இந்த எஞ்சினை இறுகிப் பிடிக்க வைத்துவிடும். பைக் 2டி ஊற்றாதீர்கள், டிசி-டபிள்யூ3 அவுட்போர்டு ஆயில் கேளுங்கள்.

கேள்வி: எங்கே ஓட்டலாம்? என்ன பாதுகாப்பு வேண்டும்?
- வாசகர், எண்ணூர்

பதில்: எஞ்சின் வைத்த போட்டு உள்நாட்டு நீரில் இறங்க, 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், அங்கே ரேஸ் எண்ணமே கூடாது. துறைமுக எல்லைக்கும் வலை கிடக்கும் இடத்துக்கும் போகாதீர்கள். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பலும் சேறும் கூலிங் பம்பின் இம்பெல்லரை (சுழலும் ரப்பர் இறக்கையை) அரிக்கும். கரையேறியதும் நல்ல தண்ணீர் டிரம்மில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவுங்கள்.

ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், கைவிட்டால் தானே மூடும் ஸ்பிரிங் த்ராட்டில் கட்டாயம். அதோடு ஜாக்கெட்டில் மாட்டும் கயிற்றுக் கில் ஸ்விட்சும் (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை அணைப்பது) வேண்டும். ஜான்சன் போன்ற பழைய மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே தீப்பொறி தரும்) எஞ்சினுக்கு, கயிறு கழன்றதும் இணைந்து பாயிண்டை பாடியோடு எர்த் செய்யும் வகைதான் வேலை செய்யும். பேட்டரி வண்டிக்கான ஸ்விட்ச் இதற்கு நேர்மாறு. இரண்டு பாயிண்டுக்கும் தனித்தனி ஒயர் இழுங்கள். ஒன்றாக முறுக்கினால் எஞ்சின் ஓடவே ஓடாது. தண்ணீரில் இறக்குமுன் டிரம்மில் வைத்து ஓடவிட்டு, கயிற்றை இழுத்து அணைகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.