மானிட்டரைச் சொல்லுங்கள், கார்டைச் சொல்கிறேன்

புது கம்ப்யூட்டருக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு (திரையில் வரும் படத்தைக் கணக்கிட்டுத் தரும் கார்டு) வாங்கலாம் என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டுக்குப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம் மேடம். இணையம், படம், பிள்ளைகளின் பாடம், கொஞ்சம் கணக்கு வேலை, அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்கவே கூடாது என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா?

இல்லை. இப்போதைய பிராசஸர்கள் பலவற்றுக்குள்ளேயே படம் காட்டும் சிப் இருக்கிறது. நீங்கள் சொன்ன வேலைகளுக்கு அது தாராளம், 4கே வீடியோவும் ஓடும். பிராசஸரின் பெயரை மட்டும் கவனமாகப் பாருங்கள். இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் அந்த வசதி கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்குக் கிடையாது, 5600ஜி-க்கு உண்டு. எஃப் போட்டதை வாங்கிவிட்டு கார்டும் போடாவிட்டால் திரையில் ஒன்றுமே வராது. கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, கேம் ஆட எந்த கார்டு பெஸ்ட்?

இவ்வளவுதான் கேள்வி! சரி, நான் திருப்பிக் கேட்கிறேன்: உங்கள் மானிட்டர் என்ன?

கேமின் அசைவு, வேகமாக மாறும் தனித்தனிப் படங்களால் ஆனது; அந்த ஒரு படம்தான் பிரேம். ஒவ்வொரு பிரேமுக்கும் திரையில் இருக்கும் புள்ளிகளுக்கெல்லாம் கார்டு நிறம் கணக்கிட்டாக வேண்டும். ஃபுல் எச்டி என்றால், அதாவது 1920×1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 82.9 லட்சம், ஃபுல் எச்டியைப் போல சரியாக 4 மடங்கு. அதனால் ஒருவருக்கு 'வெண்ணெய் மாதிரி' ஓடும் கார்டு இன்னொருவர் மேசையில் திணறும். இருவர் சொல்வதும் பொய்யில்லை.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கார்டு 150 பிரேம் தயாரித்தாலும் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. துப்பாக்கிச் சண்டை கேம்களில் போட்டியாக ஆடுபவர்களுக்கு அப்போதும் கை அசைவுக்கு கேம் கொஞ்சம் வேகமாகப் பதில் தரும். நிதானமாகக் கதை கேம் ஆடுபவருக்கு அது வீண்செலவு.

ஆக, ஃபுல் எச்டிக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600, இன்டெலின் ஆர்க் பி580 என்ற தரத்தில் ஏதாவது ஒன்று. 1440-க்கு 16 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அல்லது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யில் ஆரம்பியுங்கள். 4கே வேண்டுமென்றால் 5070 டிஐ, 9070 எக்ஸ்டி பக்கம் போக வேண்டும்.

டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இருக்கிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். குறைந்த அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கித் தரும் நுட்பங்கள் அவை. 4கே-யில் நன்றாகவே கைகொடுக்கும். ஃபுல் எச்டியில் எடுத்துக்கொள்ளும் அசல் படம் சிறியது, அதனால் விவரங்கள் மங்கத் தொடங்கும். 'பிரேம் ஜெனரேஷன்' வேறு சங்கதி: இரண்டு உண்மைப் பிரேம்களுக்கு நடுவே கார்டே பிரேம்களை உருவாக்கிச் செருகுகிறது. அசைவு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் தரும் வேகம் அதனால் கூடாது. விளம்பரப் படத்தில் 'இரண்டு மடங்கு வேகம்' என்று கண்டால் நான் முதலில் அடியிலுள்ள பொடி எழுத்தைத்தான் படிப்பேன்.

கேள்வி: 8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள் அக்கா.

மெமரி நிரம்பும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால் குழப்பம் தீரும். கார்டில் இடம் போதாதபோது மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமில் வைத்து, மதர்போர்டு வழியாக எடுத்துவர வேண்டியிருக்கிறது. கார்டின் சொந்த மெமரியோடு ஒப்பிட்டால் அந்த வழி மிகவும் மெதுவானது. சராசரி பிரேம் எண்ணிக்கை அழகாகவே இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி நிற்கும். சில கேம்கள் வெட்டாமல், சுவர், தரையின் விவரத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிடும். சராசரியை மட்டும் காட்டும் ஒப்பீடுகளில் இது எதுவும் தெரியாது.

ஃபுல் எச்டியில், செட்டிங்ஸைக் கொஞ்சம் இறக்கி ஆடச் சம்மதம் என்றால் 8 ஜிபி இன்றும் ஓடும். ஆனால் புதிதாக வாங்கிப் பல வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு 8 ஜிபி கார்டை நான் சொல்ல மாட்டேன். 5060 டிஐ, 9060 எக்ஸ்டி இரண்டுமே 8, 16 என்று இரு வகையாக ஒரே பெயரில் வருகின்றன, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். அதற்காக, மெமரி அதிகம் என்பதாலேயே கார்டு வேகமாகிவிடாது. 12 ஜிபி உள்ள 3060-ஐவிட 8 ஜிபி உள்ள 4060 பெரும்பாலான கேம்களில் வேகமானதுதான், மெமரி தீரும் வரை.

கேள்வி: கடையில் 3050 என்று காட்டினார்கள். விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வாங்கலாமா?

எந்த 3050? 8 ஜிபி உள்ளதில் 2560 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு பகுதிகள். பின்னர் வந்த 6 ஜிபி உள்ளதில் 2304 கோர்கள், மெமரிக்குப் போகும் பாதையும் குறுகல். பெயரில் வித்தியாசம் தெரியாது. இந்த வழக்கம் புதிதல்ல. 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி இரண்டுக்கும் கோர் எண்ணிக்கையே வேறு. ஜிடி 1030-இல் ஒன்றில் வேகமான ஜிடிடிஆர்5 மெமரி, இன்னொன்றில் சாதாரண டிடிஆர்4; இரண்டாவது ரொம்பவே மெதுவானது. 6 ஜிபி 3050-க்கு ஒரு நல்ல பயன் உண்டு: 70 வாட்தான், தனி மின் இணைப்பு பெரும்பாலும் தேவைப்படாது. பழைய அலுவலகக் கம்ப்யூட்டரில் செருக ஏற்றது. புதிதாக அசெம்பிள் செய்பவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கேள்வி: என்னிடம் 450 வாட் பவர் சப்ளை இருக்கிறது. 4060 தாங்குமா?

நல்ல தயாரிப்பாக இருந்தால் தாங்கும். 4060 இழுப்பது 115 வாட். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் கேபிள் 75, 8 பின் கேபிள் 150. இந்தக் கூட்டல் தெரிந்தால் எந்த கார்டுக்கும் நீங்களே கணக்குப் போடலாம். 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கு மட்டும்தான் சான்று, பாதுகாப்புக்கு அல்ல. கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை நம்பி கார்டை மாட்டாதீர்கள். பெரிய கார்டுகளில் வரும் 16 பின் இணைப்பு முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று ஒரு முறை அழுத்திப் பாருங்கள். 4090-இல் உருகிய சம்பவங்கள் பலவற்றில் அது சரியாகச் செருகப்படாமல் இருந்தது.

கேள்வி: என்விடியாவா ஏஎம்டியா? இன்டெலை நம்பலாமா?

கேம் மட்டும் என்றால், ஒரே விலையில் எது வேகமோ அது. கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுபவர்களிடம் இதைக் கேட்காதீர்கள். பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலைக்கு என்விடியா முந்துகிறது. லினக்ஸ் போடுவதென்றால் ஏஎம்டியின் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருவதால் தலைவலி குறைவு. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு வருகிறது, நல்ல கார்டு. ஆனால் மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸான பயோஸில் 'ரீசைசபிள் பார்' (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுக விடும் வசதி) போடாவிட்டால் வேகம் வெகுவாகக் குறையும். பழைய மதர்போர்டில் அந்த வசதியே இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 67. குடும்ப வீடியோக்களை வெட்டி ஒட்டுவேன். விலை குறைந்த கார்டு போதுமென்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, அது மட்டும் வேண்டாம். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் தனிப்பகுதி அந்தக் கார்டில் இல்லை. இன்டெலில் எஃப் இல்லாத பிராசஸர் வாங்கினால் அதன் உள்சிப்பே அந்த வேலையை நன்றாகச் செய்யும். முதலில் கார்டு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா அண்ணி?

அண்ணியா! சரி, இருக்கட்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் முறை மாறி மைனிங் நின்றதும் அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. நாள் முழுக்க ஓடியதால் மட்டும் சிப் கெட்டுவிடாது. தேய்வது ஃபேனும், காய்ந்துபோவது உள்ளே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடும்தான். கண் முன்னால் அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டி வெப்பத்தைப் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், பழைய சிப்பில் புதுப் பெயர் எழுதிய போலி என்விடியா கார்டுகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். 1060, 1080 போன்ற 10 வரிசையை இனி வாங்க வேண்டாம். புதுக் கேம்களுக்கான டிரைவர் அவற்றுக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது.

கேள்வி: பிராசஸர் 'பாட்டில்நெக்' 18 சதவீதம் என்று ஒரு கால்குலேட்டர் காட்டுகிறது.

மூடிவிடுங்கள். பாட்டில்நெக் என்பது கார்டும் பிராசஸரும் ஒன்றையொன்று பின்னுக்கு இழுக்கும் தடை; அது கேமுக்குக் கேம், காட்சிக்குக் காட்சி மாறும். ரெசல்யூஷனை, அதாவது திரைப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஆடிப் பாருங்கள். பிரேம் ஏறினால் தடை கார்டில், ஏறாவிட்டால் பெரும்பாலும் பிராசஸரில்.

கேள்வி: வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்ட ஆசை.

அதற்கு மெமரிதான் ராஜா. 700 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) உள்ள மாடல், எண் ஒன்றுக்கு 16 பிட் வீதம் 14 ஜிபி கேட்கும், 4 பிட்டாகச் சுருக்கினால் 4, 5 ஜிபிக்குள் வரும். 16 ஜிபி என்விடியா கார்டாகப் பாருங்கள்.

கேள்வி: புது கார்டு போட்டாயிற்று அக்கா, கேம் பழையபடியே இழுக்கிறது. கார்டு கெட்டுவிட்டதா?

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மதர்போர்டில் என்றால் கழற்றி, கீழே கார்டில் இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். அப்புறம் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஹெர்ட்ஸைப் பாருங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை அது 60-இல் வைத்திருக்கலாம்.