வறுமை, ஏற்றத்தாழ்வு, சமூகக் கொள்கை பற்றி மேற்படிப்பு படிக்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

நானும் இதே துறையில் படித்தவள். கோட்பாடுகள் பிறகு வரட்டும். முதலில் உங்கள் பகுதி ரேஷன் கடையைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

1997-இல் மத்திய அரசு, குடும்பங்களை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து ரேஷன் விலையை நிர்ணயித்தது. தமிழ்நாடு அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அரிசி கார்டு வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே விலைதான். 2011 ஜூன் முதல் அந்த விலையும் இல்லை. "வசதியானவர்களுக்கு எதற்கு இலவச அரிசி?" என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கட்டட வேலைக்குப் போகும் ஒரு சித்தாளின் மாத வருமானம் எந்தத் தாளில் இருக்கிறது? மழை மாதத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், கோட்டுக்கு மேலே இருந்த குடும்பம் ஒரே வாரத்தில் கீழே வந்துவிடும். பட்டியல் அவ்வளவு சீக்கிரம் மாறாது. தகுதியில்லாதவர் பட்டியலில் நுழைந்தால் அரசுக்குப் பணம் நஷ்டம். தகுதியுள்ளவர் விட்டுப்போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் சமமான தவறாக என்னால் பார்க்க முடியாது. வசதியுள்ளவர்களில் சிலர் தாமாகவே, அரிசிக்குப் பதில் சர்க்கரை வாங்கும் சர்க்கரை கார்டுக்குப் போய்விடுவதும் உண்டு.

வறுமைக் கோட்டை எங்கே போடுவது என்பதும் சாதாரண விஷயமல்ல. 2011-இல் மத்திய திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கணக்கு: ஒருவருக்கு ஒரு நாள் செலவு நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். அதைப் படித்தபோது வந்த கோபம்தான் என்னை இந்தத் துறையிலேயே இருக்க வைத்தது.

இதே தமிழ்நாடுதான் 2023-இல் மகளிர் உரிமைத்தொகைக்கு வரம்புகள் வைத்தது: குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். அரிசிக்கு வேண்டாம் என்ற கோடு பணத்துக்கு ஏன் வந்தது? நிதி ஒரு காரணம். அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டும், மாதம் 1,000 ரூபாயோ தானாக வங்கிக் கணக்கில் விழும். ஆகவே யாரும் தாமாக விலக மாட்டார்கள் என்பதும் ஒன்று. இப்படி இரண்டு திட்டங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்பதுதான் சமூகக் கொள்கைப் படிப்பு.

கூடவே புள்ளியியல் கற்றுக்கொள்ளுங்கள். 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் தரவுகளைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அதில் தமிழ்நாட்டை மட்டும் பிரித்து, ரேஷன் அரிசி வாங்கும் வீடுகள் எந்தெந்தச் செலவு மட்டத்தில் இருக்கின்றன என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.