விமானம் ஓட்டாத பெண்கள் போர் புரிந்தார்களா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்த இளம்பெண்கள் விமானம் ஓட்டவில்லை, பின்னணி வேலைதான் பார்த்தார்கள். அவர்களைப் போர் புரிந்தவர்கள் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எனக்கும் ஒரு காலத்தில் இதே சந்தேகம் இருந்தது. அக்ஸ்பிரிட்ஜில் அந்த மேஜையைப் பார்த்த பிறகுதான் அது போனது.

லண்டனுக்கு மேற்கே இருக்கும் ஊர் அது. தரைக்கு அடியில் சுமார் 60 அடி ஆழத்தில் ஓர் அறை, 76 படிகள் இறங்கிப் போக வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தைக் காத்த, பிரிட்டன் போர் விமானப் படையின் 11ஆம் பிரிவுடைய கட்டளை அறை. ஜெர்மன் விமானங்கள் லண்டனைப் பெருமளவில் தாக்கிய 1940 செப்டம்பர் 15 அன்று இருந்தபடியே இன்றும் வைத்திருக்கிறார்கள். நடுவில் பெரிய வரைபட மேஜை. அதைச் சுற்றிக் காதில் ஹெட்போனும் கையில் நீளக் கோலுமாக நின்றவர்கள் பெண்கள். பலருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. பெண்கள் துணை விமானப்படையைச் சேர்ந்தவர்கள். அந்தப் படையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இவர்களை 'வாஃப்' என்பார்கள். 1939 ஜூனில் தொடங்கிய படை அது. போர் ஆரம்பித்தபோது இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1943இல் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். அது புரியாமல் உங்கள் கேள்விக்குப் பதில் கிடையாது.

கடற்கரை முழுக்க ரேடார் நிலையங்கள். எஃகில் 360 அடி உயரக் கோபுரங்கள். அங்கே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் பலர் வாஃப் பெண்கள். பச்சைக் கோட்டில் ஒரு சிறு பள்ளம் விழும். அதை வைத்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, எத்தனை விமானம் என்று கணித்துச் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் டெலிபோனில் பென்ட்லி பிரையரி என்ற தலைமையகத்துக்குப் போகும். பல நிலையங்களிலிருந்து வரும் ஒன்றுக்கொன்று முரணான தகவல்களை அங்கே சலித்து, ஒரே பாதையாக்குவார்கள். அதுதான் அக்ஸ்பிரிட்ஜ் போன்ற அறைகளுக்கு வந்து சேரும். விமானங்கள் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், கண்ணால் பார்த்துச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள்.

மேஜையில் நின்ற பெண் காதில் கேட்ட எண்களை அந்த நொடியே வரைபடத்தில் அம்புக்குறியாக வைப்பாள். அந்த அறைக் கடிகாரத்தின் முகம் ஐந்து ஐந்து நிமிடப் பங்குகளாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாறி மாறி வண்ணம் தீட்டப்பட்டது. நிமிட முள் எந்த நிறத்தில் இருக்கிறதோ அந்த நிற அம்புதான் வைக்க வேண்டும். மேலே மாடத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு ஒரே பார்வையில் எது புதுத் தகவல், எது பழசு என்று தெரிந்துவிடும். பழசை உடனே எடுத்துவிட வேண்டும். நிறத்தை மாற்றி வைத்தாலோ, எடுக்க மறந்தாலோ, எதிரி இல்லாத இடத்துக்கு விமானிகளை அனுப்பிவிடுவார்கள்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே இருக்கும் ஆங்கிலக் கால்வாயின் அகலம் டோவர் பக்கம் சுமார் 33 கிலோமீட்டர். ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் அதைக் கடக்க ஆறேழு நிமிடம் போதும். ஆனால் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை ஓட்டுபவர் உத்தரவு கிடைத்து, ஓடிப்போய் ஏறி, 20,000 அடி உயரத்தை எட்ட ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியை அடைத்தது ரேடாரும், டெலிபோன் கம்பியும், கோலைப் பிடித்த அந்தக் கைகளும்தான். தன்னைவிடப் பெரிய ஜெர்மன் விமானப்படையை எதிர்த்துப் பிரிட்டன் தாக்குப்பிடித்ததற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம். இதைப் 'பின்னணி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, உயிருக்கு ஆபத்து இருந்ததா? நிறைய இருந்தது. 1940 ஆகஸ்ட் 18, சசெக்ஸ் கடற்கரையில் போலிங் ரேடார் நிலையம். ஏவிஸ் ஹெர்ன் என்ற கார்ப்பரல், டெலிபோனில் வரும் தகவல்களை மேலே அனுப்பும் பணியில் ஒரு சிறு கட்டடத்தில் இருந்தார். ஸ்டூகா என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் அந்த நிலையத்தின் மேலேயே குண்டு போட ஆரம்பித்தன. பதுங்கச் சொல்லி எச்சரிக்கை வந்தும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. வேறொரு நிலையத்திலிருந்து தகவல்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன, அவற்றை அனுப்ப வேறு ஆள் இல்லை. தன் தலைமேல் குண்டு விழும்போது, எதிரி எங்கே இருக்கிறான் என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டடம் சேதமானது, அவர் பிழைத்தார். ராணுவப் பதக்கம் கொடுத்தார்கள்.

அதே நாள் பிக்கின் ஹில் விமானத்தளத்தில், ஜோன் மார்ட்டிமர் என்ற சார்ஜெண்ட் வெடிமருந்துகள் நிறைந்த ஆயுதக் கிடங்கில் டெலிபோனை விடாமல் இருந்தார். தாக்குதல் ஓய்வதற்குள் சிவப்புக் கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, வெடிக்காத குண்டுகள் கிடந்த இடங்களில் நட்டுவைத்தார். தங்கள் விமானிகள் இறங்கும்போது தெரிய வேண்டுமே! இரண்டு வாரத்துக்குள் அதே தளத்தில், ஹெலன் டர்னரும் எல்ஸ்பெத் ஹெண்டர்சனும் கட்டடத்தின் மேல் நேராகக் குண்டு விழும்வரை டெலிபோன் பணியிலேயே இருந்தார்கள். குண்டு விழுந்தால் பெண்கள் ஓடிவிடுவார்கள் என்று முன்பு சந்தேகப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள். அப்புறம் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 ஏப்ரல் வரை இந்தப் பெண்கள் முழு ராணுவச் சட்டத்துக்குள் வரவில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று வீட்டுக்குப் போனால், ஓடிப்போன சிப்பாய்க்குக் கொடுக்கும் தண்டனையை அவர்களுக்குக் கொடுக்க வழியில்லை. கட்டாயச் சேர்ப்பு வந்தது 1941 டிசம்பரில்தான். அதனால் 1940 ஆகஸ்டில் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள், தாங்களாகவே இருந்தவர்கள். சம்பளமோ அதே பதவியில் இருந்த ஆணுக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு. இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பிற்பாடு வேலைகள் பெருகின. எஞ்சின் பழுது பார்த்தார்கள், பாராசூட் மடித்தார்கள், எதிரி விமானங்களைத் தடுக்க வானில் மிதக்கவிட்ட, 60 அடிக்கு மேல் நீளமான பலூன்களை மழையிலும் காற்றிலும் இழுத்துக் கட்டினார்கள். வான்படங்களை ஆராய்ந்த கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித், 1943 நவம்பரில் எடுத்த ஒரு படத்தில், ஜெர்மனியின் பேனமுண்டே சோதனைத் தளத்தில் ஒரு சாய்தளத்தின் மேல் சின்னஞ்சிறு சிலுவை போன்ற உருவத்தைக் கவனித்தார். அதுதான் வி-1 பறக்கும் குண்டு. பிரான்சில் ஜெர்மானியர் கட்டிவந்த ஏவுதளங்கள் எதற்கென்று அதற்குப் பிறகு தெளிவாயிற்று.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கனமாகத் தோன்றுவது குண்டுவீச்சுத் தளங்களில் இருந்த பெண்களின் இரவுகள்தான். மாலையில் ஏழு பேர் கொண்ட குழுவை வண்டியில் ஏற்றி விமானம்வரை கொண்டுபோய் விடுபவள் ஒரு பெண். பல தளங்களில், விடியற்காலையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோ முன் உட்கார்ந்து, திரும்பி வருபவர்களுக்கு ஒவ்வொருவராக இறங்க வழி சொல்பவளும் ஒரு பெண். சுவரில் பலகை இருக்கும். விமானியின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். மூன்றாவது கட்டம் சில பெயர்களுக்கு நிரம்பாது. எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் தாண்டிய பிறகும் ரேடியோவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். பிரிட்டனின் குண்டுவீச்சுப் பிரிவில் இறந்த விமானக் குழுவினர் 55,573 பேர். மறுநாள் இரவும் அதே பெண் அதே நாற்காலியில் உட்கார வேண்டும், குரல் நடுங்காமல் பேச வேண்டும்.

உங்கள் கேள்வியில் ஒரு திருத்தம். பெண்கள் விமானமே ஓட்டவில்லை என்பது சரியல்ல. ஏடிஏ என்ற தனி அமைப்பில் 160க்கும் மேற்பட்ட பெண் விமானிகள், ஸ்பிட்ஃபயர் முதல் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள்வரை தொழிற்சாலைகளிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். அது விமானப்படை அல்ல, சிவிலியன் அமைப்பு. 1943இல் அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளமும் கிடைத்தது.

வாஃபில் சேர்ந்து, எதிரி பிடித்திருந்த நாட்டுக்குள்ளேயே போனவர்களும் உண்டு. திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான், 1940 நவம்பரில் மிகக் கீழ்நிலையில் சேர்ந்து வயர்லெஸ் கற்றவர். 1943 ஜூனில் ரகசிய ரேடியோ பணிக்காகப் பிரான்சில் இறக்கப்பட்டார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வரச் சொன்னபோது, பாரிஸில் மிஞ்சியிருந்த ரேடியோ தொடர்பு தான் மட்டுமே என்று மறுத்துவிட்டார். அக்டோபரில் கைதானார். 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 30 வயது.

கடைசியாக, அதிகம் பேசப்படாத மூவர்: லிடியா ஆல்ஃபர்ட், மைரா ராபர்ட்ஸ், எட்னா பர்க்பெக். வாஃபின் நர்சிங் உதவியாளர்கள். பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம் ஆன நிலையில், 1944 ஜூன் 13 அன்று டக்கோட்டா விமானங்களில் அங்கே பறந்தார்கள். போகும்போது அந்த விமானங்களில் வெடிமருந்தும் ராணுவச் சரக்கும் இருந்ததால் செஞ்சிலுவைக் குறி போட முடியாது. எதிரி சுட்டால் சுட்டதுதான். புழுதி பறக்கும் தற்காலிக ஓடுதளத்தில் சரக்கை இறக்கினார்கள். காலியான இடத்தில் ஸ்ட்ரெச்சர்களை ஏற்றிக் கட்டி, காயம்பட்டவர்களுடன் இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள்.