மீனின் மூளையும் அப்பாவின் கையும்

ஐயா, மூளையில் அடிபட்டால் மீன்களுக்குப் புது நரம்பணுக்கள் முளைக்கும் என்று படித்தேன். அப்பா பாம்பனில் படகு ஓட்டியவர். வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் மீன் தலை சூப் கொடுக்கிறோம். பயிற்சி கொடுக்க வந்தவரை நிறுத்திவிட்டோம். மனிதனுக்கு மட்டும் ஏன் முளைப்பதில்லை?

செல்வம், மண்டபம்

அன்புள்ள செல்வம்,

சூப் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் தின்ற மூளை வயிற்றில் செரித்துப்போகும், தலைக்கு ஏறாது. நீங்கள் படித்த சோதனைகள் ஊளியிலோ விளமீனிலோ நடக்கவும் இல்லை. கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்நீரிலும் திரியும் ஸீப்ராஃபிஷ் என்ற விரலளவு மீனில் நடந்தவை.

அதன் முன்மூளையில் ஊசியால் குத்தினால், மூளையின் உட்குழியை ஒட்டியிருக்கும் ஒருவகைத் தாங்கு அணுக்கள் பெருகுகின்றன. அவற்றிலிருந்து பிறக்கும் நரம்பணுக்கள் காயத்துக்கு நகர்ந்து போய்த் தங்குகின்றன. இதைத் தொடங்கிவைப்பதே காயத்தின் அழற்சிதான் என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். நம் மூளையில் அதே அழற்சி பெரும்பாலும் தழும்பில் போய் முடிகிறது. வளர்ந்த ஸீப்ராஃபிஷின் மூளையில் புது அணுக்கள் பிறக்கும் இடங்கள் 16. நமக்கோ அந்தப் பட்டறை சிறுவயதிலேயே ஏறக்குறைய மூடிவிடுகிறது. ஏன் மூடியது? பழைய இணைப்புகளைக் கலைக்காமல் காப்பதற்கு நாம் கொடுத்த விலை என்பது என் ஊகம். சரி, அதை விடுங்கள்.

பயிற்சியாளரை நிறுத்தியதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்களே, யார் சொன்ன புத்தி இது?

தொண்டியில் என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கை விழுந்தது. லேசாக விரல் அசைய ஆரம்பித்ததும் பெரியம்மா கிழிந்த வலையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். இடது கையை நீட்டினால் திட்டு விழும். "அந்தக் கைக்கு லீவு, இதை அசைங்க!" அவர் அழுவார், பெரியம்மா விடமாட்டார். நல்ல கையை உறையிட்டு முடக்கி, விழுந்த கையைப் பழக்கும் முறையை அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கினார் என்று வெகுகாலம் கழித்துதான் படித்தேன். செத்த அணு திரும்பாது. பக்கத்தில் பிழைத்திருப்பவை புது இணைப்பு போடும், அதுவும் அந்தக் கையை வேலை வாங்கினால்தான். பெரியப்பாவின் கை முழுசாகத் திரும்பவில்லை. ஆனால் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிட்டார்.

இதைப் படித்துவிட்டு அப்பாவின் இடது கையைக் கட்டிவைக்காதீர்கள். அது யாருக்குச் சரிப்படும் என்று பயிற்சியாளர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். நாளைக்கே அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். பணம் கூடக் கேட்டால் பேரம் பேசாதீர்கள்.