புதிய உபுண்டுவில் ஊமையாகிப்போன பிளேயர்

கேள்வி: என் பாட்டுத் தொகுப்பைக் கேட்பதற்காக நானே பைத்தான் நிரல்மொழியில் ஒரு சிறிய மியூசிக் பிளேயர் எழுதி, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளப் பதிப்பில் பயன்படுத்தி வந்தேன். தேவையான லைப்ரரிகளை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) பிப் என்ற பைத்தான் நிறுவுகருவி மூலம் ஒரு வென்வுக்குள், அதாவது அவற்றைத் தனியாக வைக்கும் கோப்புறைக்குள், நிறுவியிருந்தேன். 24.04க்கு மாறிய பிறகு ஐகானைச் சொடுக்கினால் எதுவும் நடப்பதில்லை. பழைய லைப்ரரிகளை ஏற்றித் தருவதாகச் சொல்லி சர்வீஸ் செய்பவர் ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார். ஒவ்வொரு பதிப்புக்கும் நிரலைத் திருத்தி எழுதத்தான் வேண்டுமா?

பதில்: பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் நிரல் அநேகமாக நன்றாகவே இருக்கிறது. அதன் கீழே இருந்த தரைதான் நகர்ந்திருக்கிறது.

ஐகான், பிழைச்செய்தியை நம் கண்ணில் காட்டாமல் விழுங்கிவிடும். எனவே டெர்மினலைத் திறந்து, ஐகான் இயக்கும் அதே கட்டளையை அங்கே தட்டச்சு செய்யுங்கள். பாட்டுக் கோப்பின் விவரங்களைப் படிக்கும் மியூட்டஜென் என்ற மாட்யூல் (லைப்ரரி) இல்லை என்று கடைசி வரி சொன்னால் காரணம் தெளிவு. 22.04இல் இருந்தது பைத்தான் 3.10, 24.04இல் இருப்பது 3.12. வென்வைத் தனி வீடு என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதில் பாத்திரம் (லைப்ரரிகள்) மட்டுமே நம்முடையது, அடுப்பு (பைத்தான்) இயங்குதளத்துடையது. 3.10 என்று பெயரிட்ட அடுக்கில் (கோப்புறையில்) உங்கள் லைப்ரரிகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புதிய பைத்தான் 3.12 என்ற அடுக்கை மட்டுமே திறந்து பார்க்கும், அது காலியாக இருக்கும். பதிப்பை மாற்றும் கருவி இதை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் பயனரே விழுந்து எழுந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மியூட்டஜென், பாட்டை ஒலிக்கவைக்கும் ஜிஸ்ட்ரீமர், அதைப் பைத்தானோடு இணைக்கும் பைஜிஆப்ஜெக்ட் மூன்றும் உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கின்றன. அவற்றை உபுண்டுவின் நிறுவுகருவியான ஆப்ட் மூலம் நிறுவிக்கொண்டு, ஐகானின் கட்டளையில் வென்வின் பைத்தானுக்குப் பதிலாக இயங்குதளத்தின் பைத்தானைக் குறிப்பிடுங்கள். அடுத்த முறை பதிப்பு மாறும்போது இவையும் சேர்ந்தே மாறிக்கொள்ளும். ஜிஸ்ட்ரீமர் 1.0 வெளிவந்தது 2012இல். கோப்பைக் கொடுத்தால் பாடவைக்கும் அதன் பிளேபின் பகுதியை வைத்து அன்று எழுதிய பிளேயர் இன்றும் பெரிய மாற்றமில்லாமல் பாடும். வாக்குத் தவறாத லைப்ரரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி அந்த 1,500 ரூபாய்க்கு வருவோம். இப்படிப்பட்டவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டே காரியங்கள். ஒன்று, 22.04இன் டெப் கோப்புகளை (நிறுவல் கோப்புகளை)த் தேடியெடுத்து வலிந்து ஏற்றுவது. சுருக்கப்பட்ட ஒலியைப் பிரித்துத் தரும் லிப்ஏவிகோடெக் என்ற லைப்ரரி, 22.04இல் 58ஆம் எண்ணிலும் 24.04இல் 60ஆம் எண்ணிலும் இருக்கிறது. பழையதைத் திணித்தால் அது தன் பழைய உறவினர்களையெல்லாம் கூடவே அழைத்துவரும், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் தானாக வராது. இன்னொன்று, இயங்குதளத்தின் பைத்தானில் நேரடியாகப் பிப்பை ஓட்டுவது. 24.04 இதைத் தடுக்கிறது. ஆனால் தடுக்கும் அதே செய்தியிலேயே, சிஸ்டம் கெட்டாலும் பரவாயில்லை என்றால் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறார்கள். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை அதன்மேலேயே தொங்கவிடுவதை எந்த அறிவில் சேர்ப்பது? அந்தச் சாவியைத் திருப்பத்தான் உங்களிடம் காசு கேட்கிறார்கள்.

பிளேயர் திறந்து பாட்டு மட்டும் கேட்கவில்லையென்றால், நிரலில் சவுண்டு கார்டை எச்டபிள்யூ:0 என்பதுபோல எண்ணால் குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த எண் நிரந்தரமானதல்ல. கார்டுகள் கண்டறியப்படும் வரிசையைப் பொறுத்து, குறிப்பாக யூஎஸ்பி டேக் (வெளியே செருகும் ஒலிக்கருவி) வைத்திருப்பவர்களுக்கு, 0 என்பது 1 ஆகிவிடலாம். தவிர, 22.04இல் ஒலியைப் பல்ஸ்ஆடியோ என்ற மென்பொருள் கவனித்தது, 24.04இல் பைப்வயர் என்பது கவனிக்கிறது. பல்ஸ்ஆடியோவுக்கென எழுதியவை பைப்வயரிலும் ஓடும். ஆனால் கார்டை நேரடியாகப் பிடிக்கும் நிரல், பைப்வயர் அதே கார்டைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது, கருவி வேலையாக உள்ளது என்ற பதிலோடு நின்றுவிடும். நிரலில் கார்டின் எண்ணுக்குப் பதிலாக, ஒலி வெளியேறும் வழியைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆட்டோஆடியோசிங்க் என்று எழுதிவிட்டு, கார்டைத் தேர்ந்தெடுப்பதை ஒலி அமைப்புகளுக்கு விட்டுவிடுவதே நல்லது. பைப்வயர் கலக்காமல் கார்டுக்கு நேராகப் போகும் ஒலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், எண்ணுக்குப் பதிலாகக் கார்டின் பெயரை எழுதுங்கள். கேட்கும் நேரத்தில் பிரௌசர் முதலிய மற்றவற்றை மூடிவிடுங்கள்.

பாட்டுப் பட்டியலும் பாட்டுகளுக்கு நீங்கள் தந்த மதிப்பெண்களும் வென்வின் கோப்புறைக்குள் இருந்தால், அதை அழிப்பதற்கு முன் வெளியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எல்டிஎஸ் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும்) பதிப்புக்கு மாறும் முன், அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே கணினியைத் தொடங்கி, அந்த மூன்று பேக்கேஜ்களையும் அங்கே தற்காலிகமாகப் போட்டு, உங்கள் பிளேயரில் ஒரு பாட்டை முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். ஓடவில்லையென்றால் பழைய பதிப்பு வன்தட்டில் அப்படியே இருக்கும், நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம்.